கடைசியாகச் சரியாக இருந்த கல்

போன வாரம் பேண்ட் தைக்கக் கொடுப்பதற்காகத் திருப்பத்தூர் போயிருந்தேன். வழக்கமாகத் தைக்கிற கடைதான். அளவு எடுத்தவர் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இடுப்பு நாலு இஞ்சு குறைஞ்சிருக்கே சார், எத்தனை மாசத்துல?" என்று கேட்டார்.

"ஒன்பது வருஷம் ஆச்சுப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2016-இல் நான் 91 கிலோ. இன்று 79½. ஒன்பது வருஷத்தில் 11½ கிலோ. வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்றேகால் கிலோவைக்கூடச் சிரமப்பட்டுத்தான் தொடும். இதைப் போய் ஒரு சாதனையாக எழுதுவதா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடுவில் நடந்தது வேறு. 91-லிருந்து 83-க்கு இறங்கினேன். 90-க்கு ஏறினேன். 81-க்கு இறங்கினேன். 93-க்கு ஏறினேன். 84-க்கு இறங்கினேன். 88-க்கு ஏறினேன். இப்போது 79½. கூட்டிப் பார்த்தால் நான் இறக்கிய எடை மொத்தம் 34½ கிலோ; ஏற்றிக்கொண்டது 23 கிலோ. இந்த 23 கிலோவைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். இறங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். ஏறிய கதையை யாரும் சொல்வதில்லை. என் அண்ணனும் சொல்லவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் சர்வேயராக இருந்தவன் என்பது தெரியும். 1979-இல் வேலையில் சேர்ந்தபோது 54 கிலோ. சங்கிலியும் புலப்படமும் தூக்கிக்கொண்டு சிவகங்கை, திருப்பத்தூர், காளையார்கோவில் பக்கமெல்லாம் கண்மாய்க்கரையும் கருவக்காடும் நடந்த உடம்பு. எண்பதுகளில் யு.டி.ஆர். வேலை நடந்தபோது காலையில் பழைய சோறு, மத்தியானம் யாராவது பட்டாதாரர் வீட்டு மோர். தொந்தி எங்கேயிருந்து வரும்? பிறகு பதவி உயர்வு வந்தது, மேசை வந்தது, மேசைக்குப் பக்கத்திலேயே டீக்கடையும் வந்தது. நடை நின்றது, தீனி நிற்கவில்லை. 2015-இல் ஓய்வு பெற்றபோது கொடுத்த பொன்னாடையில் வயிறுதான் முன்னால் நின்றது.

மறு வருஷம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரி 7.9. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நடங்க, எடையைக் குறைங்க" என்றார். என் பெரியண்ணனுக்கு அதற்குப் பத்து வருஷம் முன்பே சர்க்கரை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அரிசி மண்டியில் கணக்குப் பார்த்தவர். "தம்பி, ரெண்டு பேருமா நடப்போம்டா" என்று அவர்தான் ஆரம்பித்தார். காலை ஐந்தரைக்கு தெப்பக்குளத்துக் கரையில் சேர்வோம். இருட்டோடு இருட்டாகக் குளத்தைச் சுற்றி, விடியும்போது பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி வீடு திரும்புவோம். ஆறு மாதத்தில் நான் எட்டு கிலோ குறைந்தேன். அண்ணன் ஆறு கிலோ. ஊரே கேட்டது, "என்ன அண்ணனும் தம்பியும் எளைச்சுப் போனீங்க" என்று. பெருமையாகத்தான் இருந்தது.

2017 தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நம் பக்கத்துக் கல்யாண வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெள்ளைப் பணியாரமும் கதம்பச் சட்னியும், மத்தியானம் இலை நிறைய, சாயங்காலம் இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பம், சீயம். "வேணாம்" என்றால் கோபித்துக்கொள்வார்கள். "போதும்" என்றால் இன்னொன்று வைப்பார்கள். பந்தியில் அண்ணன் எனக்கு எதிர் வரிசை. அவர் மூன்றாவது கந்தரப்பத்தை எடுத்தபோது நான் சத்தமாக, "என்னண்ணே, டயட்டு லீவுல போயிருச்சா?" என்றேன். பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு இலையை மூடினார்.

அன்று ராத்திரி சமையல்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே நான் இரண்டு கந்தரப்பம் தின்றேன். அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் தெப்பக்குளத்துக்கு வரவில்லை. "கால் வலிக்குதுடா" என்றார். அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஒனக்கு இது மொதத் தடவை. நான் அஞ்சு தடவை எறக்கி அஞ்சு தடவை ஏத்தியாச்சுடா தம்பி. மறுபடி போய் நின்னா ஊரே சிரிக்கும்" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். ஊர் சிரிக்கவில்லை, நான்தான் சிரிக்க வைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் இல்லாமல் நானும் நடையைக் குறைத்தேன். அந்த வருஷம் தீபாவளிக்கு நானும் 90 கிலோ.

2018-இல் அண்ணனுக்குச் செருப்புக் கடித்து வலது காலில் புண். சர்க்கரைக் காலில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும், வலிக்காது; அதனால் கவனிக்கவில்லை. மதுரையில் இரண்டு விரலை எடுத்தார்கள். 2019 புரட்டாசியில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். எடைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வயது, சர்க்கரை, பீடி எல்லாம் இருந்தது. ஆனால் அவர் நடந்துகொண்டிருந்த மனிதர். நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் காலைப் பார்த்த பயத்தில் 2018-இல் நான் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டேன். சோற்றை ஒதுக்கினேன். ஒன்பது கிலோ இறங்கியது. பயத்தில் செய்கிற காரியம் பயம் இருக்கிறவரைதான் ஓடும். அண்ணனே போன பிறகு எதற்குப் பயப்படுவது? துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காபி பலகாரம், அவர்களோடு எனக்கும். அப்புறம் கொரோனா, வீட்டுக்குள் அடைப்பு. 2020 முடியும்போது எடை மெஷின் 93 காட்டியது. அதைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

2021 பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்கு அப்போது ஏழு வயது. கோயிலுக்குக் கூட்டிப்போனேன். நம் சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் அஷ்டாங்க விமானம் அடுக்கடுக்காக இருப்பது. கீழே நர்த்தன கிருஷ்ணன், அதற்கு மேலே பள்ளிகொண்ட பெருமாள், அதற்கும் மேலே நின்ற கோலம், உச்சியில் அமர்ந்த கோலம். குறுகலான படிகளில் குனிந்து ஏறவேண்டும். மேலே ராமானுஜர் சிலை இருக்கும். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஓடி ஏறிய படிகள். அன்று பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கி, முழங்கால் மடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேத்தி மேலேயிருந்து, "ஐயா, நீங்க வரலையா? இங்கேயிருந்து ஊரே தெரியுது" என்று கூப்பிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில் ராமானுஜரைப் பற்றித்தான் நினைப்பு ஓடியது. நம் ஊர்க்காரர்களுக்குப் பால் குடிக்கிற வயதிலிருந்தே தெரிந்த கதை. எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் கேட்பதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே வந்தவர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நம்பி "போய் வா" என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தார். மறுபடி அனுப்பினார். பதினெட்டாவது முறைதான் கிடைத்தது. கிடைத்த பிறகு எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னதைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். அன்று எனக்கு அந்தப் பதினேழு முறை திரும்பிப்போன நடைதான் கண்ணில் நின்றது. ஒன்பதாவது முறை திரும்பிப் போகும்போது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் கேலி பேசியிருக்க மாட்டார்களா? பேசியிருப்பார்கள். பத்தாவது முறை புறப்பட்டிருக்கிறார்.

பெரிய மனிதரோடு என்னை ஒப்பிடவில்லை. மந்திரம் எங்கே, என் தொந்தி எங்கே. ஆனால் தோற்றவன் மறுபடி வரலாம் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கும்போது, நான் கட்டிலுக்கு அடியில் மெஷினை ஒளித்துவைத்தது அசிங்கமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து மெஷினை எடுத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தேதி போட்டு 93 என்று எழுதினேன். எழுதும்போது வேலையில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது.

ஒரு கிராமத்தில் பெரிய புலம் ஒன்றை நாள் முழுக்க அளந்தேன். சாயங்காலம் ஆரம்பித்த கல்லுக்கே திரும்பி வந்தால் கணக்கு இரண்டு மீட்டர் உதைத்தது. எனக்கு அழுகை வராத குறை. சீனியர் சர்வேயரிடம், "எல்லாத்தையும் அடிச்சுட்டு நாளைக்கு மொதல்லேருந்து புடிக்கிறேன் சார்" என்றேன். அவர் புளியமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்குடா மொதல்லேருந்து? கடைசியா எந்தக் கல்லுல சரியா இருந்துச்சு? அங்கேருந்து புடி. அப்புறம், தப்பா எழுதுனதை ரப்பர் போட்டு அழிக்காத. ஒரு கோடு கிழிச்சு மேல சரியானதை எழுதி, கையெழுத்துப் போடு. தப்பு எங்கே வந்துச்சுன்னு நாளைக்கு ஒனக்கே தெரியணும்" என்றார்.

முப்பத்தாறு வருஷம் அந்தப் பாடத்தை நிலத்தில் கடைப்பிடித்தேன். என் உடம்பில் கடைப்பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் "எல்லாம் போச்சு, பொங்கல் முடிஞ்சு மொதல்லேருந்து பாப்போம்" என்றே இருந்தேன். "மொதல்லேருந்து" என்கிற அந்தச் சொல்தான் என் எதிரி. தேதி தள்ளிப் போட்டுக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் எடை ஏறிக்கொண்டே இருக்கும்.

நோட்டில் ஒரு பக்கம் எடை. சனிக்கிழமை தோறும், காலையில், காலைக்கடன் முடித்து, காபிக்கு முன்பு. தினமும் பார்த்துப் பயப்படுவதில்லை. கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாள் உப்பு பிடித்துவைக்கிற தண்ணீரே ஒரு கிலோ காட்டும். அது கொழுப்பு இல்லை. மறு பக்கம் அந்த வாரம் எத்தனை நாள் நடந்தேன் என்பது. இதில் இன்னொரு கணக்கும் சேர்த்தேன்: நடையோ சாப்பாட்டு ஒழுங்கோ விட்டுப்போனால், மறுபடி தொடங்க எத்தனை நாள் ஆனது என்று. பழையதையும் ஞாபகப்படுத்தி எழுதினேன். 2017-இல் விட்டது, திரும்ப 11 மாதம். 2019-இல் விட்டது, திரும்ப 16 மாதம். அந்த இரண்டு எண்ணையும் பார்த்தபோதுதான் புரிந்தது, என்னைக் கெடுத்தது கந்தரப்பம் இல்லை. ஒரு கந்தரப்பத்துக்கும் அடுத்த நடைக்கும் நடுவே கிடந்த அந்த 11 மாதம்.

இதற்கு உடம்பின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள், பருமனான 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து எடை குறைய வைத்தார்கள். அதன் முடிவு 2011-இல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் உடம்பில் பசியைக் கிளப்பும் சுரப்புகள் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் சுரப்புகள் குறைவாகவுமே இருந்தன. அமெரிக்காவில் டி.வி. போட்டி ஒன்றில் ஏராளமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். 2016-இல் வந்த செய்தி. பெரும்பாலோர் நிறைய எடையைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அது மட்டுமில்லை, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கிற சக்தி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

நம் பாட்டன் பூட்டன் தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டி வந்தவர்கள். உடம்புக்கு 1876-இல் வந்த பஞ்சத்துக்கும் நான் வேண்டுமென்றே ராத்திரிச் சோற்றை விட்டதற்கும் வித்தியாசம் தெரியாது. "ஏதோ பஞ்சம் வந்திருக்கு" என்று நினைத்துச் சிக்கனம் பிடிக்கும், கிடைத்தபோது சேர்த்து வைக்கும். ஆகவே எடை திரும்ப ஏறுவது ஒழுக்கக்கேடு இல்லை. இது அண்ணன் உயிரோடு இருந்தபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. எதுவும் மாற்றாமல் இருந்தவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களில் 39 பேர்தான். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. மெஷின் நகராத வாரங்களில் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். முள் நகராவிட்டாலும் நடந்தது வீண் இல்லை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது அல்லவா, அதன் பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் மாதம் ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வர ஆரம்பித்தது. என் மகளைவிடச் சின்ன வயது. ஒரு மாதம் சர்க்கரை கூடியிருந்தது. நான் முந்திக்கொண்டு, "கோயில் விசேஷம்மா, கொஞ்சம் பொங்கல்…" என்று ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டே, "இருக்கட்டும்யா. மாத்திரையை விடாதீங்க. அடுத்த மாசம் வர்றேன்" என்றது. அவ்வளவுதான். திட்டவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சொன்னபடி வந்தது. அண்ணனுக்கு நான் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று அன்று திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டில் நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சோற்றை விடவில்லை, விட்டால் திரும்ப இரண்டு மடங்காக வரும் என்பது பட்டறிவு. என் வீட்டுக்காரி ஒரே ஒரு சட்டம் போட்டாள். "சோறு வேணாம்னு சொல்லல. மொதல்ல இந்தக் கூட்டையும் சுண்டலையும் முடிங்க, அப்புறம் கேளுங்க" என்பாள். முடித்த பிறகு கேட்கிற சோறு பாதியாகிவிடும். எங்கள் வயதில் எடை குறையும்போது சதையும் சேர்ந்து கரையும் என்று டாக்டர் எச்சரித்ததால் தினம் ஒரு முட்டை, பாசிப்பயறு, மோர். இடைப்பலகாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒன்று மட்டும், உட்கார்ந்து, தட்டில் வைத்து. நின்றுகொண்டு தின்பதில்லை. பட்டினி போட்டு வேகமாகக் குறைக்கிற வேலையே கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விடக்கூடாது, மயக்கம் வந்துவிடும். 2018-இல் எனக்கு இரண்டு முறை வந்தது.

ஊக்கத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஊக்கம் வந்தால் நடப்பேன் என்று இருந்தால் வாரத்தில் இரண்டு நாள்கூடத் தேறாது. மார்கழிப் பனியில் ஐந்தரைக்கு எழுந்திருக்கும்போது எனக்கு ஊக்கம் வந்ததே இல்லை. செருப்பு வாசலில் இருக்கும், கால் அதற்குள் போகும். தெப்பக்குளம் வரை போய்விட்டால் பிறகு உடம்பு தானாக நடக்கும். போக மனமில்லாத நாளில் "கரை வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்" என்று என்னையே ஏமாற்றிப் புறப்படுவேன். பாதி நாள் முழுச் சுற்றும் முடிந்துவிடும்.

2022 கடைசியில் 84. அந்த மார்கழியில் ஒரு நாள் விமானப் படிகளில் ஏறினேன். இரண்டு இடத்தில் நின்று நின்றுதான். உச்சியில் ராமானுஜர் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்தேன். அண்ணன் வீட்டு ஓடு தெரிந்தது.

இதோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 2023-இல் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விரிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கையில் ஒரு பையோடு வந்தார்கள். பையில் ஆப்பிள் இருந்தது குறைவு, மாவுருண்டையும் தேன்குழலும் அதிகம். நோட்டு அலமாரியில் கிடந்தது. கட்டுப் பிரித்த பிறகும் "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று இருந்தேன். ஒன்பதாவது வாரம் சனிக்கிழமை, என் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் மெஷினை எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டு, நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தாள். ஏறினேன். 88. கைநடுக்கத்தோடு எழுதினேன். ரப்பர் எடுக்கவில்லை. பக்கத்தில் "இடைவெளி: 9 வாரம்" என்றும் எழுதினேன். 16 மாதத்துக்கு முன்னால் 9 வாரம் தோல்வி இல்லை என்று அந்தப் பக்கமே சொன்னது. கம்பு ஊன்றி முற்றத்துக்குள் பத்து நிமிஷம். பிறகு தெருமுனை. பிறகு தெப்பக்குளம்.

அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13½ கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷமாவது ஏறாமல் வைத்திருப்பவர்கள் பெயர் கொடுக்கலாம். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு முயன்று தோற்றவர்கள். இப்போது அவர்கள் செய்வதும் சாதாரணக் காரியம்தான்: தினம் சுமார் ஒரு மணி நேர நடை, எடையை அடிக்கடி பார்ப்பது, விசேஷ நாளுக்கு ஒரு சட்டம் சாதாரண நாளுக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளாதது. படித்தபோது எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது மூன்று மாதச் சராசரி 6.6. மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது. உயரம் 165 சென்டிமீட்டருக்கு நம் இந்தியக் கணக்குப்படி நான் இன்னும் பருமன்தான். இடுப்பும் ஆண்களுக்குச் சொல்கிற 90 சென்டிமீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. 70-ஐ நான் பார்ப்பேனா என்பது சந்தேகம். இந்தத் தீபாவளிக்கும் பலகாரத்தில் கை நீண்டது. நோட்டில் எழுதியிருக்கிறேன்: "இடைவெளி: 3 நாள்." என் பென்ஷன் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற எண் அதுதான்.

மாசித் தெப்பத்துக்கு நம் குளக்கரை முழுக்க விளக்கு எரியும். போன வருஷம் வேண்டிக்கொண்டு விளக்கை எடுத்துப் போனவர்கள், இந்த வருஷம் திரும்பி வந்து ஏற்றுவார்கள். அண்ணன் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர் பேரில் நான் ஒரு விளக்கு வைக்கிறேன். கல்யாணப் பந்தியில் சொன்ன அந்த ஒரு வரிக்காக.

அதிலிருந்து யார் இலையையும் நான் பார்ப்பதில்லை. போன மாதம், எங்களோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் நாலு மாதம் காணாமல் போய்விட்டு, ஒரு காலை குளக்கரையில் வந்து நின்றார். முகம் உப்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும், "அது வந்து சார், பேரன் காதுகுத்து, அப்புறம் கொஞ்சம் அலைச்சல்…" என்று இழுத்தார்.

"வாங்க, நடப்போம்" என்றேன். நடந்தோம்.